வேரோடு பறித்த பத்து

அன்று காலை மங்களம் மாமி வீட்டுக் கொல்லையில் இருந்தவர்கள் இவர்கள்.

நான், எஸ்தர். தோட்ட வேலை காண்டிராக்ட் எடுப்பவள்.

ராஜம்மா. என்னிடம் களை பறிப்பவள். என் வயதுதான். ஆனாலும் என்னை யக்கா என்பாள்.

செல்வராஜ். மிஷின் ஆள். புல் வெட்டும் மிஷினை அவனைத் தவிர யாரும் தொடக்கூடாது. நானும் தொடக்கூடாது.

பாபு. பெட்டி ஆட்டோ ஓட்டுகிறவன். மலையாளி. தமிழ் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுவான்.

மங்களம் மாமி. கையில் பித்தளைத் தாம்பாளம்.

ஒரு பூனை. அது தன்னுடையது இல்லை என்று மாமி சொல்வார். பூனைக்கு அது தெரியாது.

எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பூனையும் பார்த்தது.

தரை சுத்தமாக இருந்தது. செம்மண் பரப்பி, தட்டி, மேலே மெக்சிகன் புல்லைப் பாய் பாயாக விரித்திருந்தோம். பாய்க்கும் பாய்க்கும் நடுவில் விரல் நுழையாது. மாமி மூன்று நாள் கழக்கூட்டத்தில் மகன் வீட்டில் இருந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். நல்லா இருக்கு என்று சொல்வார் என்று நின்றேன்.

"ஏண்டி எஸ்தர், என் பூவெல்லாம் எங்கே?"

"பூவா மாமி? இங்க பூச்செடி ஒண்ணும் இல்லியே. களைதான் கெடந்தது."

மாமி தாம்பாளத்தைத் துளசி மாடத்தின் மேல் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மழை மாதத்து வேலை

இது எந்த வருடம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கொரோனா முடிந்துவிட்டது. செல்வராஜ் முன்பல் கட்டியிருக்கவில்லை. அவ்வளவுதான் ஞாபகம்.

திருவனந்தபுரத்தில் கர்க்கடகம் என்றால் நம் ஆடி. யாரும் புது வீடு குடி போக மாட்டார்கள். மழை கொட்டும். வெளியே இருந்து பார்த்தால் எங்களுக்கு வேலை இல்லாத மாதம்.

அடுத்தது சிங்ஙம், நம் ஆவணி. அது பிறந்த அன்றைக்கு ஊர் முழுக்க ஒரே நேரத்தில் எழுந்திருக்கும். கிருகப்பிரவேசம், கல்யாணம், ஓணம். துபாயில் இருப்பவர் போன் செய்து, நான் வருவதற்குள் முற்றம் பச்சையாக இருக்க வேண்டும் என்பார். நாளை மறுநாள் வருவார்.

அதனால் மழை மாதத்தில்தான் எங்கள் ஓட்டம். பிளேடு தீட்டுவோம். ஓஸ் பைப்பில் ஓட்டை அடைப்போம். தொட்டி கழுவுவோம். பாலராமபுரம் தாண்டி ஒரு வாடகை நிலம் இருக்கிறது, அங்கே பைகளில் மண் நிரப்பி அரளியும் இட்லிப்பூவும் குச்சி நடுவோம்.

ஒரு வருடம் இதைச் செய்யாமல் சோம்பலாக இருந்துவிட்டோம். ஓணத்துக்கு முந்தின நாள் ஒரு டாக்டர் வீட்டில் மிஷின் நின்றுவிட்டது. செல்வராஜ் அரிவாளால் வெட்டினான். புல்வெளி, பாதி சவரம் செய்த முகம் மாதிரி இருந்தது. இது புது ஸ்டைலா என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் அடுத்த வருடமும் அதையே கேட்டார்.

சரி, மாமி விஷயத்துக்கு வருகிறேன்.

மாமியின் மகன் கண்ணன் சார் கழக்கூட்டத்தில் பன்னிரண்டு வீடு கட்டியிருந்தார். எல்லாம் ஒரே அச்சு. ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தால் எந்த வீட்டுக்குச் சொம்பைத் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாது. பன்னிரண்டுக்கும் ஓணத்துக்கு முன் தோட்டம் போட வேண்டும்.

கேட்டவர்கள் இரண்டு பேர். நானும் வினோத்தும். வினோத்திடம் நான்கு மிஷின். அவன் ஆட்களுக்குப் பெயர் அச்சடித்த பனியன். என்னிடம் மூன்று பேர். பனியன் அவரவர் வீட்டுப் பனியன்.

"முதல்ல ஸ்ரீவராகத்துல அம்மா வீட்டுக் கொல்லையைச் செய்யுங்கோ. ஒரு களை இருக்கப்படாது. அம்மாவுக்குப் பிடிச்சா பன்னெண்டும் உங்களுக்கு" என்றார் கண்ணன் சார்.

பன்னிரண்டு வீடு கிடைத்தால் கிறிஸ்துமஸ் வரை எல்லோருக்கும் வேலை. கிடைக்காவிட்டால் செல்வராஜ் போய்விடுவான். வினோத் கூப்பிட்டிருந்தான். அதை செல்வராஜே என்னிடம் சொன்னான்.

"ஓணம் வரைக்கும் பாக்கேன் அக்கா. பெறவு என்னக் கொற சொல்லப்பிடாது."

அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவன் போனால் மிஷின் தொட ஆள் இல்லை. அப்புறம் நானும் ராஜம்மாவும் களைக்கொத்தும்தான்.

ராஜம்மாவின் கை

நான் மண் சுமக்க வந்தவள். ஒரு தோட்டக் காண்டிராக்டரிடம் சட்டி சட்டியாகச் செம்மண் சுமந்தேன். அவர் கல்ஃபுக்குப் போனார். போகும்போது ஒரு மிஷினையும் ஆறு வீட்டு வேலையையும் எனக்கு விட்டுவிட்டுப் போனார். அது தனிக் கதை.

ராஜம்மா மூன்றாவது வருடம் வந்தாள். பாறசாலைக்காரி. அவள் களை பறித்த இடத்தில் மறுபடி களை வராது. எல்லோரும் இலையைப் பிடித்து இழுப்பார்கள். அவள் மண்ணைத் தளர்த்தி, வேரின் கழுத்தைப் பிடித்து, ஒரு திருகு திருகி எடுப்பாள். எடுத்ததைத் தூக்கிப் பார்ப்பாள். வேரின் நுனி அறுந்திருந்தால் மறுபடி குனிந்து தோண்டுவாள்.

வீட்டுக்காரர்கள் எனக்குப் போன் செய்து பாராட்டுவது அவளைத்தான். அதை அவளிடம் சொன்னால், "வேற எப்படிப் பிச்சணுங்கிய?" என்பாள்.

மாமி எண்ணினார்

மாமி விரல் மடக்கினார்.

"கரிசலாங்கண்ணி."

"ஓடைப் பக்கம் கெடந்துது மாமி. பிச்சிட்டேன்" என்றாள் ராஜம்மா.

"முக்குற்றி."

"சின்னத் தென்னங்கன்னு கணக்கா நிக்கும், மஞ்சப் பூ. பிச்சிட்டேன்."

"விஷ்ணுகிராந்தி."

"நீலப் பூ. பாக்க அழகா இருந்துது. பிச்சிட்டேன்."

"நிலப்பனை. வித்துரா பக்கத்துலேர்ந்து மண்ணோட கொண்டு வந்து வெச்சது, கேட்டியா."

"அதா! அதுதான் மாமி பாடு படுத்திட்டு. கெழங்கு ஒரு சாண் உள்ள. கம்பி போட்டுக் கெளப்பினேன்."

நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். அவள் நிறுத்தவில்லை. வேலையைப் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்வாள்.

சிறுபீளை, முயற்செவி, பூவாங்குறுந்தல், முடக்கத்தான், திருதாளி. எல்லாம் பிச்சாயிற்று. கடைசியாக மாமி அருகம்புல் என்றார்.

ராஜம்மா சிரித்தே விட்டாள். "அதை எடுக்காம யாராவது புல்லு போடுவாவளா?"

மலையாளத்தில் தசபுஷ்பம் என்பார்கள். பத்துச் சின்னச் செடிகள். கர்க்கடகம் முழுக்கப் பெண்கள் காலையில் விளக்கின் முன்னால் வைப்பார்கள், தலையில் சூடுவார்கள். மாமியின் வீட்டார் திருநெல்வேலியிலிருந்து வந்து பல தலைமுறை ஆகிவிட்டது. இந்த ஊர் வழக்கம் அவர்களுக்கும் வழக்கம். நான் சர்ச்சுக்குப் போகிறவள். ராஜம்மாவும் அப்படித்தான். எங்களுக்கு அந்தப் பத்தும் களை.

பாபுவுக்குத் தெரிந்திருக்கும். அவனைப் பார்த்தேன்.

"சேச்சி, ஞான் வண்டியிலல்லே இருந்நது? சாக்கு கெட்டித் தந்நு. சாக்கினுள்ளே ஆரு நோக்கும்?"

"சாக்கு எங்கே?"

"மணக்காட்டுல ஒரு பசுவினு கொடுத்து."

"பசு?"

"நல்லோணம் தின்னு. ஒண்ணும் பாக்கியில்ல."

"கடையில கட்டா விக்குமே மாமி, இப்பமே போய் வாங்கியாறேன்" என்றான் செல்வராஜ்.

மாமி அவனைப் பார்த்தார். அவன் மிஷினைத் துடைக்க ஆரம்பித்தான்.

"கட்டு வாங்கிக்க எனக்குத் தெரியாதா? மூணு வருஷமாப் பார்த்துப் பார்த்து ஒரே இடத்துல வெச்சு வளர்த்தேன். வேரோட எடுத்தேள். வேரோட கொண்டு வாங்கோ. நாளைக்குக் கர்க்கடகம் பொறக்கறது. காலம்பற விளக்கு ஏத்தறச்சே பத்தும் மண்ணுல நிக்கணும்."

"இல்லேன்னா மாமி?"

"கண்ணன் கேட்டா நல்லதும் சொல்ல மாட்டேன், கெட்டதும் சொல்ல மாட்டேன். பேசாம இருப்பேன்."

மாமி பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று அந்தத் தெருவுக்கே தெரியும்.

எங்கேயும் இல்லை

களைதானே, எங்கேயும் கிடைக்கும் என்று கிளம்பினோம்.

முதலில் நாங்கள் தோட்டம் பார்க்கும் வீடுகளுக்குப் போனோம். மூன்று வீடு பார்த்தோம். ஒன்றும் இல்லை. நான்காவது வீட்டில் வீட்டுக்காரம்மா வெளியே வந்து, "உங்க ஆளு வந்து போனா அப்பறம் ஒரு களை முளைக்காது எஸ்தர்" என்று சந்தோஷமாகச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். ராஜம்மா ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எங்கள் வாடகை நிலத்தைப் பற்றி யாரும் பேசவே இல்லை. அங்கே ராஜம்மா தினமும் நடக்கிறாள்.

செல்வராஜ்தான் சொன்னான். "மோசமா வேலை செஞ்ச எடத்துக்குப் போணும் அக்கா."

"அது எங்க இருக்கு?"

"வினோத்து புல்லு."

கழக்கூட்டத்தில் ஒரு பெரிய ஃபிளாட். வினோத்தின் ஆட்கள் பார்க்கும் புல்வெளி. மேலே மிஷின் ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சை. குனிந்து பார்த்தால் சந்தை.

ராஜம்மா கேட் கம்பி வழியாகப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

காவல்காரர் விடவில்லை. வயதானவர், குடைக்குக் கீழே நின்றார்.

"எந்தா காரியம்?"

"களை பறிக்கணும்."

"ஆரு பறஞ்ஞு?"

"யாரும் சொல்லல. சும்மா பறிக்கிறோம். காசு வேண்டாம்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. காசு வேண்டாம் என்றதும் அவர் எங்களைத் திருடர்கள் என்று முடிவு செய்துவிட்டார். போன் எடுத்து வினோத்தைக் கூப்பிட்டார்.

வினோத் பத்து நிமிடத்தில் பைக்கில் வந்தான். மழைக்கோட்டுக்கு மேலும் அவன் பெயர் அச்சடித்திருந்தது.

"எஸ்தர் சேச்சியே, என் புல்லுல நிங்ஙளுக்கு என்னா பணி?"

உண்மையைச் சொன்னால் பன்னிரண்டு வீடும் அன்று மத்தியானமே அவனுக்குப் போய்விடும்.

"கஞ்சிக்கு" என்றேன்.

"ஏது கஞ்சி?"

"கர்க்கடகக் கஞ்சி. பச்சிலை போட்டு வெக்கணும். எனக்கு முட்டுவலி."

அவன் முகம் மாறிவிட்டது. அவன் அம்மாவுக்கும் முட்டுவலியாம். "கஷ்டம். எடுத்துக்கோ சேச்சி, எடுத்துக்கோ. அந்த சைடுலயும் நெறைய உண்டு. எல்லாம் எடுத்துக்கோ."

பைக்கில் சாய்ந்துகொண்டு நின்றான். போகவில்லை. எனவே எல்லாம் எடுத்தோம். மத்தியானம் வரை நாங்கள் நான்கு பேரும் குனிந்து வினோத்தின் புல்வெளியைச் சுத்தம் செய்தோம். ராஜம்மா எப்போதும் போல வேரின் நுனி வரை எடுத்தாள். மிஷினைத் தவிர எதையும் தொடாத செல்வராஜும் எடுத்தான்.

"இது என் சரீரத்தினு சேர்ந்ந பணியல்ல" என்றான் பாபு. ஆனால் அவனும் எடுத்தான்.

கரிசலாங்கண்ணி, முக்குற்றி, விஷ்ணுகிராந்தி, சிறுபீளை, முயற்செவி, பூவாங்குறுந்தல். ஆறு. பின் மதில் கம்பி வேலியில் முடக்கத்தானும் திருதாளியும் சுற்றிக் கிடந்தன. எட்டு. எல்லாவற்றையும் ஈரச் சாக்கில் மண்ணோடு வைத்தோம்.

பிறகு வித்துரா. பொன்முடிக்குப் போகிற ரோட்டில் ஒரு சாயாக் கடைக்குப் பின்னால் சரிவில் நிலப்பனை இருந்தது. ராஜம்மா கம்பி போட்டுக் கிளப்பினாள். இந்தத் தடவை அவள் கிழங்கை இரண்டு கையிலும் ஏந்தி வந்தாள். பாபு வண்டியின் பின்கதவைத் திறந்து பிடித்தான்.

ஒன்பது

மாமி வீட்டுக்கு வந்து சேரும்போது வெளிச்சம் போகத் தொடங்கியிருந்தது. புது மழை. கிழக்கு மூலையில் இரண்டு புல் பாயை எடுத்துவிட்டு நட்டோம். மாமி குடை பிடித்துக்கொண்டு வந்து எண்ணினார்.

"ஒம்பது."

நான் மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான்.

"அருகம்புல் எங்கேடி?"

நான் ராஜம்மாவைப் பார்த்தேன். ராஜம்மா செல்வராஜைப் பார்த்தாள். செல்வராஜ் பாபுவைப் பார்த்தான். பாபு பூனையைப் பார்த்தான்.

அது எங்கேயும் கிடைக்கும் என்று நான்கு பேரும் நினைத்திருக்கிறோம். அதனால் யாரும் எடுக்கவில்லை. வினோத்தின் புல்லில் அது மெத்தை மாதிரி கிடந்தது. பறித்து, குப்பைக் குவியலில் போட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

"காலம்பற வரைக்கும் நேரம் இருக்கு" என்றார் மாமி. உள்ளே போய்விட்டார்.

தெருவில் தேடினோம். ஸ்ரீவராகத்தில் இப்போது வாசலெல்லாம் இன்டர்லாக் கல். புல் முளைக்க இடமில்லை. பாதிக் கல் நாங்கள் போட்டது.

மறுநாள் விடியும்போதே வந்துவிட்டோம். கோயில் குளக்கரையில் பார்க்கலாம் என்று திட்டம். கரை முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தது.

வெறுங்கையோடு மாமியின் கொல்லைக்கு வந்தோம். மாமி குளித்து, விளக்கைத் திரி போட்டுத் தயாராக வைத்திருந்தார். தீப்பெட்டி கையில் இருந்தது.

செல்வராஜ் தலையைக் குனிந்துகொண்டான். வினோத்தின் பனியன் அவனுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கொஞ்சம் இறுக்கமாக இருக்கும்.

அப்போதுதான் ராஜம்மாவைப் பார்த்தேன். புல்வெளி நடுவில் நின்றாள். வந்ததிலிருந்து அங்கேயே நின்றாள். மழை தூறியது. சன்ஷேடுக்குக் கீழே வா என்றேன். வரவில்லை. ராஜம்மா வேலை இல்லாமல் ஓரிடத்தில் நிற்பவள் அல்ல.

"ராஜம்மா, காலை எடு."

"எதுக்கு யக்கா?"

"எடு."

எடுக்கவில்லை. நான் கிட்டே போனேன். மெதுவாகச் சொன்னாள். "இது பாயோட வந்தது யக்கா. நான் விட்டது இல்ல. சத்தியமா நான் விட்டது இல்ல."

வலது காலை எடுத்தாள். இரண்டு பாய்க்கு நடுவில் அருகம்புல். நான்கு தாள், விரல் நீளம். மூன்று நாள் மழையில் முளைத்திருக்கிறது. இத்தனை வருடத்தில் அவள் வேலை செய்த இடத்தில் நான் பார்த்த முதல் களை.

களைக்கொத்தை அவளிடம் நீட்டினேன். மண்ணைத் தளர்த்தினாள். கழுத்தைப் பிடித்தாள். நுனி அறாமல் எடுத்தாள். கிழக்கு மூலையில் நட்டாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

"பத்து" என்றார் மாமி. தீக்குச்சி கிழித்தார்.

களைக்குள் களை

எட்டு மணிக்குக் கண்ணன் சார் போன் செய்தார்.

"அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. பன்னெண்டு வீடும் நீங்க செய்யுங்கோ. ஒரே ஒரு கண்டிஷன்."

"சொல்லுங்க சார்."

"எல்லா வீட்டிலயும் கிழக்கு மூலையில இந்தப் பத்தும் வேணுமாம். அம்மா வீடு வாங்கினவா எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லியாச்சு. எல்லாருக்கும் சம்மதம்."

செல்வராஜிடம் சொன்னேன். அவன் மிஷினை எடுத்து, மூடியைக் கழற்றி, பிளேடு தீட்ட உட்கார்ந்தான்.

அந்த மழை மாதம் முழுக்க வாடகை நிலத்தில் களை வளர்த்தோம். பறிக்கும்போது சாகாத செடி, பையில் வைத்தால் செத்தது. எரு போட்டால் செத்தது. கவனிக்காமல் விட்டால் பிழைத்தது. கவனிக்காமல் இருக்க ராஜம்மாவால் முடியவில்லை. பைக்குள் வேறு களையும் முளைத்தது. அதைப் பறிப்பதுதான் அந்த மாதம் அவளுக்கு இருந்த ஒரே சந்தோஷம்.

ஒருநாள் வினோத் வந்தான். கையில் ஒரு குப்பித் தைலம். "சேச்சி, அம்மைக்கு வாங்கியது. முட்டுக்கு நல்லதாக்கும்" என்றான். பிறகு வரிசை வரிசையாக நின்ற பைகளைப் பார்த்தான். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்து பார்த்தான்.

"கஞ்சி ஊருக்கெல்லாம் வெக்கிறியளா?"

தைலத்தை வாங்கிக்கொண்டேன். முட்டு நிஜமாகவே வலித்தது.

சிங்ஙம் பிறப்பதற்கு முந்தின நாள் பாபு பெட்டி ஆட்டோவைப் பின்னால் எடுத்து நிறுத்தினான். ராஜம்மா ஒவ்வொரு பையாகத் தூக்கி, அடியில் வேர் எட்டிப் பார்க்கிறதா என்று பார்த்து, எண்ணி ஏற்றினாள்.

நூற்றிருபது.